கண்டக்டர் இல்லாத ஆர்கெஸ்ட்ரா: ஒரு குழுவை அமைத்து மேடையேற்றுவது எப்படி?

மாஸ்கோவில் 1922-இல் ஒரு முழு அளவு சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா கண்டக்டர் (முன்னால் நின்று கையசைத்து எல்லோரையும் வழிநடத்துபவர்) இல்லாமல் வாசிக்கத் தொடங்கியது. ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டும் என்பதற்காக வட்டமாக உட்கார்ந்தார்கள். அதனால் சிலருடைய முதுகுதான் ரசிகர்களுக்குத் தெரிந்தது. லெவ் செய்ட்லின் என்ற வயலின் கலைஞர் முன்னின்று தொடங்கிய அந்தக் குழுவின் பெயர் பெர்சிம்ஃபான்ஸ். ‘முதல் சிம்பொனிக் குழு’ என்பதன் ரஷ்யச் சுருக்கம் அது. பத்து வருஷம் வாசித்துவிட்டு 1932-இல் கலைந்தது. பிறகு 1951-இல் பிராக் சேம்பர் ஆர்கெஸ்ட்ரா, 1972-இல் நியூயார்க்கில் ஆர்ஃபியஸ் சேம்பர் ஆர்கெஸ்ட்ரா, 2004-இல் பிரான்ஸில் லே திசொனான்ஸ், 2007-இல் பாஸ்டனில் எ ஃபார் க்ரை, அதே ஆண்டு இத்தாலியில் ஸ்பீரா மிராபிலிஸ் என்று அந்த வழியில் பலர் வந்துவிட்டார்கள்.

இதைப் புரட்சி என்று சொல்வது பாதிதான் சரி. 1791-இல் இசையமைப்பாளர் ஹைடன் லண்டன் போனபோது அவர் பியானோ முன் உட்கார்ந்திருக்க, வயலின் கலைஞர் சாலமன் தன் வயலினிலிருந்தே ஆர்கெஸ்ட்ராவை இழுத்துக்கொண்டு போனார். கையில் கோலோடு முன்னால் நிற்கும் மனிதர் பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் நிலைபெற்றார்.

நம் ஊர்க் காதுக்கும் இது புதிதாகத் தோன்றாது. கச்சேரி மேடையில் யாரும் கோல் ஆட்டுவதில்லை. ஆனால் அங்கே பாடுபவரின் கை தொடையில் தாளம் போடுகிறது, மிருதங்கம் காலப்பிரமாணத்தைக் காதுக்குக் கேட்கும்படி சொல்கிறது, எல்லோரும் ஒரே மெட்டைத் தொடர்கிறார்கள். மேற்கத்திய ஆர்கெஸ்ட்ராவில் நாலைந்து வெவ்வேறு மெட்டுகள் ஒரே நேரத்தில் நடக்கும். பல இடங்களில் தாளத்தைச் சொல்ல ஒரு வாத்தியமும் இருக்காது. கஷ்டம் அங்கேதான்.

நான் வயோலா வாசிக்கிறேன், வயலினைவிடச் சற்றுப் பெரிய வாத்தியம். பதினான்கு பேர் கொண்ட ஒரு தந்தி வாத்தியக் குழுவில் கண்டக்டர் இல்லாமல் வாசித்துப் பழகியதை வைத்தும், மேலே சொன்ன குழுக்களின் வழிமுறைகளை வைத்தும் இதை எழுதுகிறேன். 10 முதல் 30 பேர் வரை உள்ள குழு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் வாத்தியத்தை எடுக்காதீர்கள், ஒரு தாளை எடுங்கள்

கண்டக்டர் செய்கிற வேலைகளை ஒவ்வொன்றாக எழுதுங்கள். தொடங்கிவைப்பது. காலப்பிரமாணத்தைக் காப்பது. வேண்டிய இடத்தில் அதை மாற்றுவது. எது மேலே கேட்க வேண்டும், எது அடங்க வேண்டும் என்று தீர்ப்பது. எல்லோரையும் ஒன்றாக நிறுத்துவது. ஒத்திகை நேரத்தைப் பங்கிடுவது. கருத்து வேறுபட்டால் முடிவு சொல்வது. மேடையில் ஒருவர் தவறினால் குழுவைக் காப்பாற்றுவது.

ஒவ்வொரு வேலைக்கும் எதிரில் ஒரு பெயரை எழுதுங்கள். கண்டக்டரை எடுத்துவிட்டால் இந்த வேலைகளும் போய்விடும் என்று நினைத்துத்தான் பெரும்பாலான குழுக்கள் முதல் வருஷத்திலேயே சோர்ந்துபோகின்றன. எங்கள் குழுவும் முதல் மூன்று மாதம் அப்படித்தான் திணறியது. எல்லோரும் சமம் என்றால் எல்லா வேலையும் எல்லோருக்கும் என்று எடுத்துக்கொண்டோம். பெயர் எழுதாத வேலையை மேடையில் யாரும் செய்வதில்லை.

2. முதல் உருப்படியைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

நான் எப்போதும் சொல்வது பாக்கின் மூன்றாவது பிராண்டன்பர்க் கான்செர்ட்டோ. 1721-இல் சமர்ப்பித்த தொகுப்பில் உள்ளது. மூன்று வயலின், மூன்று வயோலா, தாழ்ந்த ஒலியுள்ள மூன்று செல்லோ, கூடவே அதைவிடவும் தாழ்ந்த ஒலியுள்ள டபுள் பேஸும் பியானோ போன்ற ஹார்ப்சிகார்டும். ஒவ்வொருவருக்கும் தனிப் பார்ட் (அவர் மட்டும் வாசிக்க வேண்டிய சுரங்கள்) இருப்பதால் பக்கத்து ஆளின் பின்னால் ஒளிய முடியாது. ஓட்டமும் விடாமல் இருக்கும், யாரோ ஒருவர் கையில் சின்னச் சின்ன நோட்டுகள் ஓடிக்கொண்டே இருக்கும். காலப்பிரமாணத்தை அவை தாங்கிப் பிடிக்கும். நடுவில் வருகிற மெதுவான பகுதியில் பாக் எழுதியது வெறும் இரண்டு கார்டுகள் (பல சுரங்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிப்பது கார்டு). அந்த இரண்டு கார்டையும் சேர்ந்து வைத்து, சேர்ந்து எடுக்கப் பழகினாலே உங்கள் குழுவுக்குப் பாதி வித்தை வந்துவிடும்.

அடுத்தது மொட்ஸார்ட்டின் டி மேஜர் டிவெர்டிமென்ட்டோ, அவருடைய படைப்புகளின் பட்டியலில் கெகல் எண் 136. அதற்கும் அடுத்துதான் க்ரீகின் ஹோல்பெர்க் சூட், பிறகு த்வோர்ஷாக்கின் செரனேட், சைகோவ்ஸ்கியின் செரனேட். தொடக்கத்திலேயே மிக மெதுவான, நீண்ட சுரங்கள் மட்டும் உள்ள உருப்படிகளை எடுக்காதீர்கள். வேகமானதுதான் கஷ்டம் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பார்கள், உண்மை நேர்மாறானது.

ஸ்ட்ராவின்ஸ்கியின் ‘ரைட் ஆஃப் ஸ்ப்ரிங்’ போல பாருக்குப் பார் (ஒரு தாளச் சுற்று ஒரு பார்) தாளம் மாறுகிற இசையைக்கூட லே திசொனான்ஸ் கண்டக்டர் இல்லாமல் வாசித்திருக்கிறது. முடியாது என்று நான் சொல்லவில்லை. முதல் வருஷத்தில் வேண்டாம் என்கிறேன்.

3. உட்காரும் இடம்

ஒலி காற்றில் விநாடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகிறது. மேடையின் இரு ஓரங்களுக்கு நடுவே 12 மீட்டர் இருந்தால் அந்த முனையில் வைத்த சுரம் இந்த முனைக்கு வர 35 மில்லி விநாடி ஆகும். நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில் ஒரு செமிக்வேவரின் (கால் தட்டு நீளமுள்ள சுரம்) நீளமே 125 மில்லி விநாடிதான். அதில் கால் பங்குக்கு மேல் ஒலி நடந்துவரும் வழியிலேயே போய்விடுகிறது. வந்ததைக் கேட்டு நீங்கள் வைக்கிற சுரம் திரும்பி அங்கே போவதற்குள் இன்னொரு 35. ஒருவர் மற்றவருக்குக் காத்திருக்க, மற்றவர் இவருக்குக் காத்திருக்க, பாட்டு மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டு போகும். மெத்தனத்தால் வருவது இல்லை, தூரத்தால் வருவது. கண்டக்டர் இருந்தால் கண் இதைச் சரிசெய்துவிடும். ஒளிக்குத் தாமதம் இல்லை.

ஆகவே நெருங்கி உட்காருங்கள். வழக்கமான அரைவட்டத்தை இன்னும் இறுக்குங்கள். முதல் வயலின்களையும் இரண்டாம் வயலின்களையும் எதிரெதிரே வைத்தால் ஒருவர் வில்லை மற்றவர் பார்க்கலாம். டபுள் பேஸை ஓரத்தில் தள்ளாமல் நடுவுக்குப் பின்னால் கொண்டுவாருங்கள், எல்லோருக்கும் ஒரே தூரத்தில் கேட்கும். செல்லோ தவிர மற்றவர்கள் நின்று வாசித்தால் இன்னும் நல்லது. எ ஃபார் க்ரை அப்படித்தான் வாசிக்கிறது. நிற்கிறவரின் உடம்பு பேசும், உட்கார்ந்தவரின் தோள் மட்டுமே பேசும்.

ஒரு விதியை எல்லோரும் மனப்பாடம் செய்யுங்கள். அருகில் இருப்பவரைக் காதால் தொடர வேண்டும், தூரத்தில் இருப்பவரைக் கண்ணால் தொடர வேண்டும். பின்வரிசையில் டிம்பனி என்ற பெரிய முரசு இருந்தால், அந்தக் கலைஞர் காதை நம்பவே கூடாது. முதல் வயலின் வில் தந்தியைத் தொடும் நொடியைப் பார்த்து அடிக்க வேண்டும்.

4. எல்லோர் கையிலும் முழு ஸ்கோர்

ஆர்கெஸ்ட்ராவில் வழக்கமாக ஒருவருக்குத் தன் பார்ட் மட்டும்தான் தெரியும். மற்றவர்கள் வாசிக்கும்போது பார் எண்ணிக்கொண்டு இருப்பார். கண்டக்டர் இல்லாத இடத்தில் இது போதாது. முதல் ஒத்திகைக்கு இரண்டு வாரம் முன்பே முழு ஸ்கோரும் (எல்லா வாத்தியங்களின் சுரங்களும் ஒன்றாக உள்ள நூல்) எல்லோரிடமும் இருக்க வேண்டும். நுழைவுக்கு முன் யாரிடம் மெட்டு இருக்கிறது, யாருடைய தாளத்தில் நான் உட்காருகிறேன் என்று உங்கள் பார்ட்டில் பென்சிலால் பெயர் எழுதுங்கள். ‘செ’ என்றால் செல்லோ, ‘வ2’ என்றால் இரண்டாம் வயலின். என் பார்ட்டுகளில் இந்தக் குறிகள் சுரங்களைவிட அதிகமாக இருக்கும்.

5. இந்த உருப்படிக்கு யார் தலைமை?

ஆர்ஃபியஸ் வழிமுறையிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பெரிய பாடம் இது. செல்லோ கலைஞர் ஜூலியன் ஃபைஃபரும் நண்பர்களும் தொடங்கிய அந்தக் குழுவில் தலைமை நிரந்தரமாக ஒருவரிடம் இருப்பதில்லை. ஒவ்வொரு உருப்படிக்கும் கான்செர்ட்மாஸ்டர் (குழுவை முன்னின்று நடத்தும் முதல் வயலின் கலைஞர்) மாறுவார். அவரோடு ஒவ்வொரு வாத்தியப் பிரிவிலிருந்தும் ஒருவராகச் சேர்ந்து சிறு மையக்குழு அமையும். அவர்கள் முதலில் தனியாக உட்கார்ந்து வேகம், வில் திசை, வாக்கியங்களின் போக்கு எல்லாவற்றையும் ஒரு வரைவாக முடிவு செய்வார்கள். பிறகுதான் முழுக் குழு. அப்போது யார் வேண்டுமானாலும் அந்த வரைவைக் கேள்வி கேட்கலாம். அடுத்த உருப்படிக்கு வேறொருவர் முன்னால் வர, இவர் பின்வரிசைக்குப் போவார்.

இந்த மாற்றத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. நாளை நான் தலைமை ஏற்கப்போகிறேன் என்று தெரிந்தவர், இன்று தலைமை ஏற்பவரைச் சிரமப்படுத்த மாட்டார். அதே நேரம், நேற்று தலைமை ஏற்றவருக்கு இன்றைய தலைவரின் சிக்கல் எங்கே இருக்கிறது என்று சொல்லாமலே தெரியும்.

பதினான்கு பேர் குழுவுக்கு மையக்குழு ஐந்து பேர் போதும். அதில் டபுள் பேஸ் கட்டாயம் இருக்கட்டும். பலர் அவரை மறந்துவிடுகிறார்கள். காலப்பிரமாணத்தின் சாவி அவரிடம்தான் இருக்கிறது.

6. ஒத்திகையில் பேசும் முறை

கண்டக்டர் இல்லாத ஒத்திகை பேச்சிலேயே மூழ்கிவிடும். இதைத் தடுக்க எங்களுக்கு உதவிய விதிகள் சில.

கருத்துச் சொல்பவர் பார் எண்ணைச் சொல்லித் தொடங்க வேண்டும். பிறகு என்ன மாற வேண்டும் என்று ஒரே வாக்கியம். ‘நன்றாக இல்லை’ என்பது கருத்து ஆகாது, ‘42-இல் வயோலா மெட்டை மூடுகிறது’ என்பது கருத்து.

சொன்னதை மறுப்பதற்கு முன் ஒருமுறை வாசித்துப் பார்க்க வேண்டும். இரண்டு யோசனை இருந்தால் இரண்டையும் வாசியுங்கள். பாதிச் சண்டைகள் அங்கேயே தீர்ந்துவிடும், காது தீர்ப்பு சொல்லிவிடும். அப்படியும் தீராவிட்டால் அந்த உருப்படியின் தலைவர் முடிவு சொல்வார், எல்லோரும் அதை முழு மனதோடு வாசிக்க வேண்டும். அரைமனதாக வாசித்து அந்த முடிவு தவறு என்று நிரூபிக்கப் பார்ப்பது குழுவைக் கொன்றுவிடும்.

இன்னொருவர் கையில் கடிகாரம் இருக்கட்டும். அவர் தலைவராக இருக்கக் கூடாது. ‘இந்த இடத்துக்கு இன்னும் பத்து நிமிடம்’ என்று சொல்வது மட்டுமே அவர் வேலை.

நேரம் அதிகம் பிடிக்கும் என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொள்ளுங்கள். பெர்சிம்ஃபான்ஸைக் கேட்ட பிரெஞ்சு இசையமைப்பாளர் தாரியுஸ் மியோ, ஒரு கண்டக்டர் இருந்தாலும் இதே பலன் கிடைத்திருக்கும், கொஞ்சம் சீக்கிரமாகவே கிடைத்திருக்கும் என்ற பொருளில் எழுதினார். நேரத்தைப் பற்றி அவர் சொன்னது சரி. ஸ்பீரா மிராபிலிஸ் இந்த உண்மையை மறைக்காமல் அதையே தன் வழியாக்கிக்கொண்டது. ஒரு முறை கூடினால் ஒரே ஒரு படைப்பைத்தான் எடுத்து நாள்கணக்கில் உட்கார்ந்து பழகுகிறார்கள், கச்சேரியிலும் அது ஒன்றையே வாசிக்கிறார்கள். நேரம் இல்லாதவர்கள் உருப்படிகளைக் குறைக்க வேண்டும், உழைப்பைக் குறைக்கக் கூடாது.

பலன் ஒன்றுதான் என்பதில் மட்டும் மியோவோடு நான் ஒத்துப்போக மாட்டேன். ஹார்வர்டின் ரிச்சர்ட் ஹாக்மனும் அவருடைய சகாக்களும் பல தொழில்களில் மனநிறைவை ஒப்பிட்டுப் பார்த்தபோது, சிம்பொனி ஆர்கெஸ்ட்ராக் கலைஞர்கள் சிறைக் காவலர்களுக்கும் கீழே வந்தார்கள். வேலையில் உள்ளார்ந்த ஊக்கத்தில் தந்தி நால்வர் குழுவினர் மிக உயரத்தில் இருந்தார்கள். இசை ஒன்றுதான், வாத்தியங்களும் அவையேதான். நால்வர் குழுவில் ஒவ்வொரு முடிவிலும் உங்கள் கை இருக்கிறது. அந்த நால்வரின் நிலையை முப்பது பேருக்குக் கொண்டுவரத்தான் இத்தனை பாடும்.

7. தொடக்கம்: மூச்சு

முதல் சுரத்தைத் தொடங்கிவைப்பவர் தலையை ஆட்டக் கூடாது. மூச்சை இழுக்க வேண்டும். அந்த மூச்சின் நீளம் ஒரு தட்டின் நீளம். அதுவே வேகத்தைச் சொல்லிவிடும். மூச்சு கூர்மையாக இருந்தால் சுரம் கூர்மையாக வரும், அகலமாக இருந்தால் அகலமாக வரும். வயலினின் தலைப்பகுதி மூச்சோடு சேர்ந்து கொஞ்சம் எழும்பி இறங்கும், சுரம் விழும் இடம் அந்த இறக்கத்தின் அடி.

மற்றவர்களும் அதே மூச்சை இழுக்க வேண்டும். பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பவர் எப்போதும் தாமதமாகத்தான் வருவார்.

பயிற்சி: ஒரே ஒரு கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். வரிசையில் ஒவ்வொருவராகத் தொடங்கிவையுங்கள், பின்வரிசை இரண்டாம் வயலினும் டபுள் பேஸும் உட்பட. பிறகு எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு மூச்சுச் சத்தத்தை மட்டும் கேட்டுத் தொடங்குங்கள். பிறகு முதுகைத் திருப்பிக்கொண்டு. முதல் நாள் சிதறும், நான்காவது வாரம் சிதறாது.

பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனியைத் தொடும் துணிச்சல் வரும்போது இந்தப் பயிற்சியின் அருமை தெரியும். அது ஒலியில் தொடங்குவதில்லை. ஒரு குவேவர் (செமிக்வேவரைப் போல இருமடங்கு நீளம்) மௌனத்தில் தொடங்கி மூன்று குவேவர் பாய்ந்து, உடனே ஒரு நீட்டலில் நிற்கிறது. பிடித்துக்கொள்ளத் தாளமே இல்லை. அந்த மௌனத்தை எல்லோரும் சேர்ந்து வாசிக்க வேண்டும்.

8. காலப்பிரமாணம் மாறும் இடங்கள்

புரோகோஃபியெவ் 1927-இல் மாஸ்கோ திரும்பி பெர்சிம்ஃபான்ஸோடு பியானோ வாசித்தார். அவர் கவனித்தது இன்றைக்கும் பொருந்தும். விரல்களுக்குக் கடினமான இடங்களை அவர்கள் அநாயாசமாகக் கடந்தார்களாம், ஒவ்வொருவரும் தன்னைத் தனிக் கலைஞராக நினைத்து வாசித்ததால். திணறியது வேகம் மாறும் இடங்களில். அங்கே அத்தனை பேரும் ஒரே மாதிரி உணர வேண்டியிருந்தது.

இந்த இடங்களுக்குத்தான் ஒத்திகை நேரத்தில் பாதியை ஒதுக்குங்கள். வழி இருக்கிறது. ரிட்டார்டாண்டோ (வேகம் படிப்படியாகக் குறைவது) வரும் இடத்தில் ஸ்கோரைத் திறந்து, மிகச் சின்ன நோட்டுகள் யாரிடம் இருக்கின்றன என்று பாருங்கள். எல்லோரும் நீண்ட சுரம் பிடித்திருக்க, இரண்டாம் வயலின் மட்டும் குவேவர்கள் வாசிக்கலாம். அப்படியானால் அந்த இரண்டு பாருக்கு ஆர்கெஸ்ட்ராவின் கண்டக்டர் இரண்டாம் வயலின்தான். முதல் வயலின் எவ்வளவு அழகான மெட்டை வைத்திருந்தாலும் அங்கே அவர் பின்தொடர்பவர். எல்லோர் பார்ட்டிலும் ‘வ2’ என்று எழுதுங்கள். அடுத்த பாரில் அந்த ஓட்டம் வயோலாவுக்குக் கைமாறினால் அதையும் எழுதுங்கள்.

ஒருவரிடமும் சின்ன நோட்டு இல்லாத இடமும் வரும். அங்கே எல்லோரும் மனசுக்குள் ஒரே அளவில் எண்ண வேண்டும். ஒத்திகையில் ஒருவர் மட்டும் அந்த உட்தட்டுகளைச் சத்தமாக ஒரே சுரத்தில் வாசிக்கட்டும், மற்றவர்கள் எழுதியதை வாசிக்கட்டும். நாலைந்து முறை ஆனதும் அவர் நிறுத்தட்டும். அந்தத் தட்டு காதுக்குள் தொடர்ந்துகொண்டிருக்கும். சைகோவ்ஸ்கியின் செரனேடில் மெதுவான முன்னுரையிலிருந்து வேகப் பகுதிக்குத் தாவும் இடத்தை நாங்கள் இப்படித்தான் பிடித்தோம். மூன்று ஒத்திகை ஆயிற்று.

ஒரே வேகத்தில் தட்டுச் சொல்லும் கருவியான மெட்ரோனோம் இங்கே உதவாது, அதற்கு மாறத் தெரியாது.

9. மண்டபத்தில் ஒரு காது

உள்ளே உட்கார்ந்திருப்பவருக்குத் தன் வாத்தியம்தான் பெரிதாகக் கேட்கும். ஆர்ஃபியஸில் ஒத்திகை நடக்கும்போதே ஒருவர் எழுந்துபோய் ரசிகர்களின் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்து சொல்வார். நீங்களும் செய்யுங்கள், ஆனால் தினமும் ஒரே ஆளை அனுப்பாதீர்கள். வயோலாக்காரரின் காது வயோலா போதவில்லை என்றுதான் சொல்லும், என் காது உட்பட. ஆள் மாறி மாறிப் போனால் வெளியே போய்க் கேட்ட அனுபவமும் எல்லோருக்கும் கிடைக்கும். கேட்டு வந்தவர் அதன் பிறகு வேறு மாதிரி வாசிப்பார்.

10. மேடையில் ஒன்று தவறினால்

கடைசி ஒத்திகைக்குப் பிறகு எதையும் மாற்றாதீர்கள். யாருக்காவது இரவில் அருமையான யோசனை வந்தால் அடுத்த கச்சேரிக்கு வைத்துக்கொள்ளட்டும்.

ஒவ்வொரு பகுதியிலும் மூன்று, நான்கு ‘சந்திப்பு இடங்களை’ முன்பே குறித்து வையுங்கள். மெட்டு திரும்ப வரும் இடம், எல்லோரும் சேர்ந்து வைக்கும் கார்டு, இப்படித் தெளிவாகத் தெரிகிற இடங்கள். இரண்டு பிரிவு தனித்தனியே பிரிந்துவிட்டால் துரத்திப் பிடிக்க முயல வேண்டாம். தாமதமானவர் அவசரப்பட, முந்தியவர் மெதுவாக்க, இருவரும் கடந்துபோய்விடுவார்கள். டபுள் பேஸ் எங்கே இருக்கிறதோ அதுதான் சரி என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்ளுங்கள். பேஸ் தவறாக இருந்தாலும் அதுவே சரி. தொலைந்தவர் சத்தத்தைக் குறைத்து, அடுத்த சந்திப்பு இடத்தில் காத்திருந்து ஏறிக்கொள்ள வேண்டும்.

11. நிறுத்துவது

இதற்குக் கடைசி நாள் வரை யாரும் நேரம் ஒதுக்குவதில்லை. கடைசிக் கார்டை யார் எடுக்கிறார் என்று தீர்மானியுங்கள். முதல் வயலினாக இருக்க வேண்டும் என்பதில்லை. நீண்ட வில் யாருக்கு முதலில் தீர்ந்துபோகும் என்று பாருங்கள், பெரும்பாலும் டபுள் பேஸுக்குத்தான். தந்தியும் தடிப்பு, வில்லும் குட்டை. ஆகவே அவரே எடுக்கட்டும், மற்றவர்கள் அவர் கையைப் பார்த்து எடுக்கட்டும்.

எடுத்த வில்லைக் கீழே இறக்காதீர்கள். எல்லோர் வில்லும் காற்றில் நிற்கட்டும். மண்டபத்தின் மூலையில் கடைசி ஒலி அடங்கும் வரை அவர் காத்திருப்பார். அவர் கை இறங்கும்போது மற்ற கைகள் இறங்கட்டும்.